பிழைக்கத் தெரியாதவனா றோரி கலகர்?

கனடாவில் வசிக்கும் நண்பர் ஒருவருடன் அண்மையில் தொலைபேசியில் உரையாடிக்கொண்டிருந்தபோது பேச்சு அயர்லாந்தின் கிற்றார் கலைஞர் றோரி கலகரின் பக்கம் திரும்பியது. நண்பர் நல்ல இசை ரசிகர். கலகரின் வாசிப்பை வாயாரப் புகழ்ந்தார். புகழ்ந்த கையோடு, "என்ன செய்வது, பிழைக்கத் தெரியாத மனிதன்" என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைக்காகவே இதை எழுதுகின்றேன்.

தமிழில் இதைவிடக் கபடமான சொற்றொடர் குறைவு. அனுதாபம் போலத் தோன்றும். உள்ளே இருப்பது தீர்ப்பு. எழுத மறுத்ததை எழுதாமலே இருந்துவிட்டுப் பதவி உயர்வையும் இழந்த எத்தனையோ சக பத்திரிகையாளர்களுக்கு இந்தப் பட்டம் சூட்டப்பட்டதைக் கண்டிருக்கின்றேன். ஒருவன் தெரிந்தே செய்த தெரிவை, அவன் தெரியாமல் செய்த தவறாக மாற்றிவிடுவதே அதன் வேலை. கலகருக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

றோரி கலகர் 1948 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் திகதி டொனகல் பிரதேசத்தின் பாலிஷானன் என்ற ஊரில் பிறந்து, கோர்க் நகரில் வளர்ந்தவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை வானொலியில் கேட்டுப் பழகி, 1963 இல், பதினைந்து வயதில், 100 பவுண் விலையுள்ள பழைய ஃபென்டர் கிற்றார் ஒன்றைக் கடனுக்கு வாங்கினார். டேஸ்ட் என்ற மூவர் குழுவை நடத்தினார். 1970 இல் அது கலைந்த பிறகு தனது பெயரிலேயே இசைத்தட்டுகளை வெளியிடத் தொடங்கினார். 1995 ஜூன் 14 இல், ஈரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட தொற்றினால், தமது 47 ஆவது வயதில் லண்டனில் காலமானார்.

அவர் மீதான முதலாவது குற்றச்சாட்டு, வானொலியில் ஓடக்கூடிய மூன்று நிமிடத் தனிப்பாடல் தட்டு, அதாவது 'சிங்கிள்' வெளியிட மறுத்தார் என்பது. உண்மைதான். ஆனால் அவர் எதைக் காப்பாற்ற மறுத்தார் என்று கேட்பவர்கள் குறைவு. 1973 இல் வெளிவந்த 'டாட்டூ' தொகுப்பிலுள்ள 'எ மில்லியன் மைல்ஸ் அவே' பாடலைக் கேளுங்கள். ஏறக்குறைய ஏழு நிமிடங்கள். கூட்டம் நிறைந்த ஹோட்டல் மதுக்கூடத்தில் எல்லோரிடமிருந்தும் விலகி நிற்கும் ஒரு மனிதனின் மனநிலை அது. கிற்றார் அவசரப்படாமல் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறுகிறது. அந்தத் தனிமை உருவாவதற்கே அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. அதை மூன்று நிமிடமாக நறுக்கினால் எஞ்சுவது ஒரு மெட்டு மட்டுமே.

சிங்கிள் இல்லாததால் அவர் தோற்றாரா? 1972 இல் வந்த 'லைவ் இன் யூரோப்' பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. அதே பத்தாண்டில் லெட் செப்பலின் குழுவும் பிரித்தானியாவில் சிங்கிள் வெளியிடாமலே கோடிகளைக் குவித்தது. அவர்கள் செய்தால் அது இராஜதந்திரம்; கலகர் செய்தால் அறியாமையா?

இரண்டாவது குற்றச்சாட்டு, முடித்த வேலையைத் தூக்கி எறிந்தார் என்பது. 1977 இன் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில், தயாரிப்பாளர் எலியட் மேசருடன் ஒரு முழுத் தொகுப்பை ஒலிப்பதிவு செய்து முடித்தார். இறுதி ஒலிக்கலவை அவருக்குத் திருப்தி தரவில்லை. தொகுப்பைக் கைவிட்டு, குழுவையும் மூவராகச் சுருக்கி, ஜேர்மனியில் மீண்டும் ஒலிப்பதிவு செய்தார். அதுவே 1978 இல் வெளிவந்த 'போட்டோ ஃபினிஷ்'. கைவிடப்பட்ட பதிவுகளைக் குடும்பத்தினர் 2011 இல் வெளியிட்டனர். ஆகவே இன்று நாம் இரண்டையும் ஒப்பிடலாம். பல பாடல்கள் இரண்டிலும் இருக்கின்றன. முதலாவது மோசமான பதிவல்ல; ஆனால் அதில் கீபோர்ட் உள்ளிட்ட பக்கவாத்தியங்கள் பாட்டைச் சுற்றி மெத்தை விரித்து வைத்திருக்கின்றன. இரண்டாவதில் மெத்தை இல்லை. பாட்டு நேராகத் தரையில் நிற்கிறது. அந்த வேறுபாட்டைக் கேட்ட காதுக்குரியவனை விவரமறியாதவன் என்பது எவ்வகையில் நியாயம்?

மூன்றாவது, 1975 ஜனவரியில் ரொட்டர்டாமில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினருடன் சில நாட்கள் வாசித்துவிட்டு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளுக்காக ஜப்பானுக்குப் புறப்பட்டார் என்பது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதும் குற்றமாகிவிட்ட காலம் இது!

இனி, அவருக்கு வியாபாரம் தெரியாது என்பதையும் பார்ப்போம். டேஸ்ட் குழு முகாமையாளருடனான பணத் தகராறுகளின் கசப்போடு முடிந்தது. அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. அதன்பின் சகோதரர் டோனலே அவரது விவகாரங்களைக் கவனித்தார். தமது இசைத்தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாமே தயாரிப்பாளராக இருந்தார். 'டிஃபென்டர்' (1987), 'ஃபிரெஷ் எவிடென்ஸ்' (1990) ஆகிய இறுதி இரு தொகுப்புகளைக் கேப்போ என்ற சொந்த நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டார். சுயாதீனம் என்பது அவருக்குக் கட்டம்போட்ட சட்டையோ, வர்ணம் உரிந்த கிற்றாரோ அல்ல. எதை எப்போது எந்த உருவில் வெளியிடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அது.

அந்த உரிமையின் மிகச் சிறந்த விளைச்சல் 'ஐரிஷ் டூர் 74'. 1974 ஜனவரியில் பெல்பாஸ்ட், டப்ளின், கோர்க் ஆகிய நகரங்களில் பதிவானது. வட அயர்லாந்தின் வன்செயல்களுக்கு அஞ்சிப் பல கலைஞர்கள் பெல்பாஸ்டைத் தவிர்த்த காலம். கலகர் போனார்; மறுபடியும் மறுபடியும் போனார். குண்டு வெடிக்கும் ஊரில் வாழ்ந்தவர்களுக்கு, வெளியிலிருந்து ஒருவர் வந்து பாடுவதன் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை. அந்த இசைத்தட்டில் ஒலிக்கும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் பாட்டின் ஒரு பகுதியாகவே நான் கேட்கின்றேன்.

மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. ஓயாத பயணமும் மதுவும் மருந்துகளும் அவரைத் தின்றன என்பது உண்மை. அதை நான் வீரமாகக் காட்டமாட்டேன். ஆனால் சமரசம் செய்தவர்களிலும் அப்படி அழிந்தவர்கள் ஏராளம். உடலைக் காக்கத் தவறியதற்கும் பாட்டை விற்க மறுத்ததற்கும் முடிச்சுப் போடுவது மொட்டந்தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சு.

2024 ஒக்டோபரில் அந்தப் பழைய கிற்றார் லண்டனில் ஏலம் போனது. கட்டணங்களும் சேர்ந்து விலை 8 இலட்சம் பவுணுக்கு மேல். வாங்கியவர்கள் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்திற்கு வழங்கினர். நல்ல காரியம். எனினும் அந்தச் செய்தியைப் பகிர்ந்து மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் 'டாட்டூ'வை ஒரு முறையேனும் முழுமையாகக் கேட்டிருப்பார்கள்? ஊர் ஊராக அலையும் இசைக்கலைஞனின் வாழ்வை உளவாளி கிம் ஃபில்பியின் தலைமறைவு வாழ்வோடு ஒப்பிட்ட 'ஃபில்பி' பாடலை எத்தனை பேர் அறிவார்கள்? மரத்தையும் கம்பியையும் மதிப்பிடத் தெரிந்த நமக்கு, அவற்றைக் கொண்டு அவர் கட்டிய பாடலை மதிப்பிட நேரமில்லை. கிற்றார்காரர் கலகரைக் கொண்டாடி, பாடலாசிரியர் கலகரை மறந்துவிட்டோம்.

கனடா நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: அவருக்குப் பிழைக்கத் தெரிந்திருந்தது. எதைக் கொடுத்துப் பிழைக்கக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பாடல்கள் வெட்டுப்படாமல் நம் கைகளில் இருப்பதற்கு அந்த இரண்டாவது அறிவே காரணம்.

நண்பர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டார். 'டாட்டூ' என்றேன்.