லேபிளை வெட்டினால் போதாதா?

விற்காமல் தேங்கிய சரக்கை என்ன செய்வது? லண்டனின் பர்பெரி நிறுவனம் 2017-18 நிதியாண்டில் சுமார் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள துணிமணி, வாசனைத் திரவியங்களை அழித்துத் தீர்த்தது. மலிவாகப் போனால் பேர் கெட்டுவிடுமாம்! நாலாபுறமும் கண்டனம் கிளம்பியதும், 2018 செப்டம்பரில் இனி அழிக்க மாட்டோம் என்றது. விற்காத சரக்கை இப்படி அழிப்பதைத் தடுக்கப் பிரான்ஸ் 2020-இல் சட்டமே போட்டது.

அழிக்காமலும் வழி உண்டு; திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய டி-சர்ட்டுகள் குவியல் குவியலாகக் கிடக்கும். சிலவற்றில் லேபிள் இருந்த இடத்தில் கத்தரித்த நுனி மட்டும் பிடரியில் லேசாக உறுத்தும். (போடுகிறவர் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.) பேர்தான் கவலையென்றால் பேரை மட்டும் வெட்டுங்கள் ஐயா, துணியை விட்டுவிடுங்கள்.