மூன்றில் ஒன்று பெரிதா, கால் பெரிதா?

தரம் நான்கில் படிக்கும் என் தங்கையிடம் ஒருநாள், "1/3 பெரிதா, 1/4 பெரிதா?" என்று கேட்டேன். "1/4 தான் பெரிது. மூன்றைவிட நான்கு பெரிதுதானே தாத்தா" என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "கீழே இருக்கும் எண் பெரிதானால் பின்னம் சிறிது. இதைப் பாடமாக்கு" என்று சொல்லிவிட்டேன். அவளும் பாடமாக்கினாள். மறுநாள் 2/3, 3/4 ஆகிய இரண்டையும் கொடுத்தபோது, அதே விதியை வைத்து 2/3 தான் பெரிது என்றாள். பிழை அவளுடையதல்ல. நான் கொடுத்த விதிதான் அவளைப் பிழைக்குள் தள்ளியது.

பின்னத்தை விதியாகக் கொடுப்பதற்கு முன் பொருளாகக் கொடுக்க வேண்டும் என்பதே அன்றிலிருந்து என் கருத்து. அதற்கு மிகப் பொருத்தமான இடம் பிரத்தியேக வகுப்பல்ல. எமது வீட்டுச் சமையலறையும் சாப்பாட்டுப் பாயும்தான்.

"எனக்கே கணக்கு வராது, நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது?" என்று பல தாய்மார் கேட்கிறார்கள். அரைச் சுண்டு அரிசி அளப்பவரும், முக்கால் மீற்றர் துணியில் சட்டை வெட்டுபவரும், கால் கிலோ பருப்பு வாங்குபவரும் அவர்களே. அவர்களுக்குப் பின்னம் தெரியும். அதைக் கொப்பியில் எழுதும் முறைதான் மறந்துபோயிருக்கிறது.

முதலில் பிள்ளைக்கு விளங்க வேண்டியது சம பங்கு. ரொட்டியை நான்காகப் பிய்த்தால் மட்டும் ஒவ்வொன்றும் கால் ஆகிவிடாது. நான்கும் சமமாக இருக்க வேண்டும். வெட்டும் வேலையை ஒரு பிள்ளையிடமும், முதலில் எடுக்கும் உரிமையை மற்றப் பிள்ளையிடமும் கொடுத்துப் பாருங்கள். சமம் என்றால் என்னவென்று நீங்கள் சொல்லத் தேவையிராது.

அடுத்தது, பங்கு கூடினால் அளவு குறையும் என்பது. இதற்கு எமது சஹன் சாப்பாட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரு சஹனில் ஆறு பேர் அமர்ந்தால் ஆளுக்கு 1/6. நான்கு பேர் மட்டும் அமர்ந்தால் ஆளுக்கு 1/4. எதில் வயிறு நிறையும் என்று கேளுங்கள். எந்தப் பிள்ளையும் பிழையாகச் சொல்லாது.

மூன்றாவது, எதனுடைய பங்கு என்பது. 450 கிறாம் பாணில் பாதி 225 கிறாம். ஒரு பணிஸின் பாதி அதற்குச் சமமாகுமா? இரண்டும் 1/2 தான். ஆனால் முழுமை வேறு. முழுமை எது என்று கேட்காமல் பின்னங்களை ஒப்பிட முடியாது.

எமது மொழியும் இதற்குத் துணை நிற்கிறது. 3/4 என்பதை நாம் "நான்கில் மூன்று" என்கிறோம். எத்தனை பங்காகப் பிரித்தோம் என்பது முதலில் வருகிறது, எத்தனை எடுத்தோம் என்பது பின்னால் வருகிறது. எனவே பிள்ளை எழுதும்போது கீழிருக்கும் பகுதி எண்ணை முதலில் எழுதச் சொல்லுங்கள், பிறகு மேலே தொகுதி எண்ணை எழுதட்டும். சொல்லும் எழுத்தும் ஒன்றாகச் செல்லும்.

பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும் இடம் கூட்டல். 1/2 உடன் 1/3 ஐக் கூட்டச் சொன்னால் மேலும் கீழும் கூட்டி 2/5 என்று எழுதிவிடுவார்கள். சிவப்புப் பேனையால் வெட்டாதீர்கள். குர்ஆனின் 30 ஜுஸ்உக்களை நினைவூட்டுங்கள். ஜுஸ்உ என்ற அரபுச் சொல்லின் பொருளே பகுதி என்பதுதான். பாதிக் குர்ஆன் 15 ஜுஸ்உ. மூன்றில் ஒன்று 10 ஜுஸ்உ. இரண்டும் சேர்ந்தால் 25 ஜுஸ்உ, அதாவது 25/30, சுருக்கினால் 5/6. பிள்ளை எழுதிய 2/5 எவ்வளவு? 12 ஜுஸ்உ. பாதியோடு இன்னும் ஓதிய பிறகு பாதியைவிடக் குறையுமா? பிள்ளையே சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளும். இரண்டையும் ஏன் ஒரே அளவுப் பங்குகளாக மாற்றிக் கூட்டுகிறோம் என்பதும் அங்கேயே விளங்கிவிடும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அல்குர்ஆன் வாரிசுரிமைக்குக் குறிப்பிடும் பங்குகள் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 ஆகிய ஆறு பின்னங்கள். கணவன் இறந்தால், அவருக்குப் பிள்ளைகள் இல்லாவிட்டால் மனைவிக்குக் கால் பங்கு; அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒரு பங்கு. அந்த 1/8 ஐத் தமிழில் அரைக்கால் என்பார்கள், காலின் அரை. ஸகாத் 40 இல் ஒன்று. இவற்றை வாசித்து விளங்கும் பெண் தன் உரிமையையும் கடமையையும் தானே கணக்கிடுவாள். "எனக்குக் கணக்கு வராது" என்று எட்டு வயதில் ஒதுங்கிய பெண், நாற்பது வயதில் பிறர் எழுதிக் கொடுக்கும் தாளில் கையொப்பமிடுவாள். பெண்பிள்ளைகளைப் பெற்ற வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சை மண்டபத்தில் ரொட்டி வெட்ட முடியாது. ஆனால் விளங்கிய பின் வரும் விதி தங்கும். விளங்காமல் வரும் விதி அடுத்த கேள்வியில் கைவிடும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். தொலைபேசியை வைத்துவிட்டு, ஒரு கடதாசித் துண்டை மடித்து மடித்து அரை, கால், அரைக்கால் காட்டுங்கள். விடை பிழைத்தால் "பிழை" என்பதற்கு முன் "எப்படி யோசித்தாய்?" என்று கேளுங்கள். அன்று நான் என் தங்கையிடம் கேட்கத் தவறியது அந்த ஒரு கேள்வியைத்தான்.

பிறகொரு நாள் இரண்டு ரொட்டிகளை வைத்து அதே கேள்வியைக் கேட்டேன். ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து ஒதுக்கி வைத்தாள். சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதில் குறைவது மூன்றில் ஒன்று. அதில் குறைவது கால்தான். அப்ப 3/4 தான் பெரிது தாத்தா."

அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.