வராதவர் காசில் வாழும் ஜிம்கள்

ஜனவரி முதல் வாரத்தில் ஏதாவது ஒரு ஜிம்முக்குப் போய்ப் பாருங்கள். டிரெட்மில்லுக்கு வரிசை நிற்கும். அதே ஜிம்முக்கு மார்ச் கடைசியில் போங்கள். காற்று வாங்கும். ஆனால் முதலாளி முகத்தில் துளி கவலை இருக்காது. ஏன் இருக்கப் போகிறது? வருஷச் சந்தாவைத்தான் ஜனவரியிலேயே மொத்தமாக வாங்கிக் கல்லாவில் போட்டாயிற்றே!

என் கட்சி இதுதான். "சூப்பரா ஓடுது" என்று பெயரெடுத்த ஜிம்கள் பல, ஆட்கள் வருவதால் ஓடவில்லை. பணம் கட்டியவர்கள் வராமல் போவதால் ஓடுகின்றன. ஐம்பது பேர் நின்றாலே மூச்சு முட்டும் ஹாலுக்கு ஐந்நூறு பேரிடம் சந்தா வாங்குகிறார்கள். அத்தனை பேரும் ஒரே நாள் சாயங்காலம் வந்து நின்றால் டம்பெல் இருக்காது, நிற்க இடம்கூட இருக்காது. வரமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் முதலீடு.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 3 ஹெல்த் கிளப்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் மூன்று வருட வருகைக் கணக்கை அலசி, 2006ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்திருக்கிறார்கள். அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். பத்துத் தடவை பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். அமெரிக்கக்காரனுக்கே இந்தக் கதி என்றால், "வருஷச் சந்தாவுக்கு மூன்று மாதம் இலவசம்" என்ற ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்து விழும் நம் கதி என்ன?

"அது உன் சோம்பேறித்தனம், ஜிம் என்ன பண்ணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் நாள் உள்ளே என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எங்கள் ஹாஸ்டலில் ஒரு நண்பன், பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஓடிக்கூடப் பார்க்காதவன், போன வருஷம் ஒரு ஜிம்மில் சேர்ந்தான். முதல் நாளே ஸ்குவாட், லஞ்சஸ், லெக் பிரஸ் என்று எல்லாவற்றிலும் நான்கு நான்கு செட். இரண்டாம் நாள் மாடிப்படி இறங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பழக்கமில்லாத தசைக்கு அளவு மீறி வேலை கொடுத்தால் ஒன்றிலிருந்து மூன்று நாளைக்குள் வலி உச்சத்துக்குப் போகும் என்பது பயிற்சியாளர் முதலில் படிக்க வேண்டிய பாடம். கொஞ்சம் எடை, கொஞ்சம் செட், வாரா வாரம் சிறிது ஏற்றம் - இந்த முறையை 1940களிலேயே தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் காயம்பட்ட சிப்பாய்களிடம் செய்து காட்டிவிட்டார். எண்பது வருஷம் ஆகியும் அது நம் தெருமுனைக்கு வந்து சேரவில்லை! நண்பன் ஐந்தாம் நாளோடு நின்றான். அவன் ஏன் வரவில்லை என்று ஜிம்மிலிருந்து ஒரு போன் கூட இல்லை. அவனைச் சோம்பேறி என்பதா, துரத்தப்பட்டவன் என்பதா?

அடுத்த பித்தலாட்டம், "30 நாளில் 10 கிலோ குறைப்பு". ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பதால் வகுத்தால் தினமும் 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையே சுமார் 2,000 கலோரிதான். மாதம் முழுக்கப் பட்டினி கிடந்து, அதற்கு மேல் ஓடவும் வேண்டும். எடை மெஷினில் முள் இறங்கலாம். அதில் பாதி தண்ணீரும் தசையுமாக இருக்கும். ஆறாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், அந்த பேனரைக் கிழித்துப் போடலாம்.

பிறகு டப்பா வியாபாரம். பல ஜிம்களில் பயிற்சியாளர் சம்பளத்தை விட பவுடர் கமிஷன் பெரிது. அதனால் கேட்காமலேயே "புரோட்டீன் எடுக்கலைன்னா பாடி ஏறாது தம்பி" என்ற உபதேசம் கிடைக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். எடை தூக்குகிறவருக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டியிருக்கலாம். முட்டை, பயறு, பருப்பு, சுண்டல், தயிர், மீன் போதும். அதே நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கவே சொல்லியிருக்கிறது.

பவுடராவது பர்ஸைத்தான் காலி செய்யும். ஊசி ஆளையே காலி செய்யும். ஸ்டீராய்டு இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும், விந்தணு உற்பத்தியை நிறுத்தும். மெபென்டெர்மின் என்று ஒரு மருந்து. ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கும்போது போடுவது. அதைக் களைப்பு தெரியாமல் எடை தூக்கக் கல்லூரிப் பையன்கள் போட்டுக்கொள்கிறார்கள். இது தன் கூரையின் கீழ் நடப்பது தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்ளும் முதலாளி ஜிம் நடத்தவில்லை, வேறு ஏதோ நடத்துகிறார்.

சரி, முதலாளி பக்கமும் பேசுவோம். வாடகை, கரண்ட் பில், மெஷின் கடன், பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு ஏ.சி. ஜிம். வருஷச் சந்தா வாங்காமல் எப்படிப் பிழைப்பது என்பார். எனக்கென்னவோ அந்த வருஷச் சந்தாதான் அவரையும் கவிழ்க்கிறது என்று படுகிறது. 200 பேரிடம் 6,000 ரூபாய் வீதம் வாங்கினால் 12 லட்சம். மார்ச்சுக்குள் மெஷினுக்கும் பெயிண்டுக்கும் போய்விடும். வாடகையோ டிசம்பர் வரை மாதா மாதம் வரும். அடுத்த ஜனவரியில் புதிதாக 200 பேரைப் பிடிக்க வேண்டும். மாறாக 150 பேர் மாதம் 700 ரூபாய் கட்டி விடாமல் வந்தால், மாதம் 1,05,000, வருஷத்துக்கு 12,60,000. பேனர் செலவு இல்லை. வருகிறவன் தம்பியையும் அத்தையையும் கூட்டி வருவான். நிலைத்த ஆள்தான் நிலைத்த வருமானம்.

அத்தை என்று சும்மா சொல்லவில்லை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த ஆய்வு 2023ல் சொன்னது. வேலை செய்யும் தசை, இன்சுலின் தயவு இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனமும் 2020ல், வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்றது. அப்படியானால் ஜிம் யாருக்கு முதலில் தேவை? கண்ணாடி முன் பைசெப்ஸ் பார்க்கும் நமக்கா, ஐம்பது வயதில் மூட்டு வலியோடு மாத்திரை விழுங்கும் நம் பெற்றோருக்கா? அவர்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாதபடி குத்துப்பாட்டை அலறவிட்டு, சுவரெல்லாம் அர்னால்ட் படம் ஒட்டி வைத்திருக்கிறோம்.

சேரும் முன் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. மாதச் சந்தா உண்டா?
2. பிரஷர், சர்க்கரை, நெஞ்சுவலி, பழைய காயம் பற்றி முதல் நாளே விசாரிப்பார்களா?
3. எனக்கென்று பயிற்சி அட்டை எழுதித் தருவார்களா, எல்லோருக்கும் ஒரே பாடமா?
4. பெண்களும் பெரியவர்களும் கூச்சமில்லாமல் வர நேரமும் பெண் பயிற்சியாளரும் உண்டா?
5. போன வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள்?

ஐந்தாவது கேள்விக்கு முதலாளி தலையைச் சொறிந்தால், நீங்கள் நடையைக் கட்டலாம். அந்த நடைக்குச் சந்தா கிடையாது. உடம்புக்கும் நல்லது :-)