ஒரு சுவிட்சுக்கு ஒரு லைட்டு!



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா வயரிங் வேலைக்குப் போகிறவர். சி மொழியில் நான் செய்த ஒரு தப்பை அவரிடம் சொன்னபோது, அது என்னைவிட அவருக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது!

போன செமஸ்டரில் மாணவர் விவரம் வைக்க ஒரு புரோகிராம் எழுதினேன். விடுதி, உதவித்தொகை, பஸ் பாஸ், கட்டணம் கட்டியாச்சு என்று நான்கு பெயர்களை எனூமரேஷனில் வரிசையாகப் போட்டேன். (லேப்பில் ‘ஈனம்’ என்று சொல்லிச் சிரிப்போமே, அதேதான்!) மதிப்பு எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் சி தானாகவே 0, 1, 2, 3 என்று போட்டுக்கொள்ளும்.

ஒரு மாணவனுக்கு உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு என்று காட்ட, இரண்டையும் பிட்வைஸ் ‘ஆர்’ போட்டுச் சேர்த்தேன். 1ஐயும் 2ஐயும் சேர்த்தால் 3. மூன்று என்றால் கட்டணம் கட்டியாச்சு! ஒரு பைசா கட்டாதவன் கட்டியவன் ஆகிவிட்டான். விடுதியோ 0. அதை எதோடு சேர்த்தாலும் காணாமல் போய்விடும். விடுதிப் பையன்களுக்குச் சாப்பாடே கிடையாது! கம்பைலர் வாயே திறக்கவில்லை.

அப்பா கேட்டுவிட்டு, “ரெண்டு லைட்டை ஒரே ஒயர்ல கட்டிட்டியேடா. ஒரு சுவிட்சுக்கு ஒரு லைட்டுன்னு இழுக்கணும்” என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு பெயருக்கும் தனக்கென்று ஒரு பிட் வேண்டும்: 1, 2, 4, 8. அப்போது 6 என்றால் 4ம் 2ம் சேர்ந்தது மட்டுமே. வேறு அர்த்தம் வராது. யூனிக்ஸில் ரீட் 4, ரைட் 2, எக்ஸிக்யூட் 1. ‘சிஎச்மாட் 755’ என்று மனப்பாடமாக அடிக்கிறோமே, அந்த 7ம் 5ம் இப்படிக் கூட்டி வந்தவைதான்.

“எனூமரேஷன் பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான், ஃபிளாகுக்கு ஆகாது” என்று சில நண்பர்கள் வாதாடுகிறார்கள். பாதி நியாயம்தான், 6க்கு அதில் பெயரே இல்லையே! ஆனாலும் வெறும் எண்ணைவிடப் பெயர் இருப்பது மேல் என்பேன். ஒருவர் படிக்கும் துறை ஒன்றுதான். அதற்கு 0, 1, 2 போதும். சலுகைகள் பல சேரலாம். அதற்கு 1, 2, 4, 8 என்று நாமே மதிப்பு எழுத வேண்டும்.

அவுட்புட் வந்துவிட்டால் ரெக்கார்டு நோட்டில் காப்பி அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நாளை நாம் எழுதப்போகும் ஏதோ ஒரு பட்டியலில், உதவித்தொகைக்காகக் காத்திருக்கும் ஒரு வீடு இருக்கும். எங்கள் வீடும் அப்படிக் காத்திருந்த வீடுதான். ஒரு பிட் மாறினால் ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுபோகலாம்.

யோசித்து எழுதுவோம், தோழர்களே!

– இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்