பண்பாடு: சதுர அடி என்ன விலை?

தோழா!

நாடகமேடையில் நின்று பழகியவன் நான். அரண்மனைக்கு ஒரு திரைச்சீலை, ஆற்றங்கரைக்கு ஒன்று, அடர்ந்த காட்டுக்கு ஒன்று எனச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றிருக்கிறேன். தூணும் தோரணமும் தீட்டிய துணியின் முன்னே நின்று "மன்னா!" என்று முழங்கினால், மக்கள் மகிழ்ந்து கைதட்டுவர். ஆட்டம் முடியும், திரை சுருளும், மன்னன் தேநீர்க் கடைக்குப் போவான். எவரும் ஏமாந்தது கிடையாது. துணியைத் துணியென்று அறிந்தே தந்த காசு அது.

இன்று வேறொரு திரைச்சீலை நாற்சந்திதோறும் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏடுகளின் முதற்பக்கத்தை முழுதாய் விழுங்கிக்கொண்டு விரிகிறது. அதிலே பளபளக்கும் சொற்களைப் பார்! மத்தியதரைக்கடல் வாழ்வாம்; டஸ்கன் எழிலாம்; பாலித் தீவின் அமைதியாம்; செட்டிநாட்டுப் பெருமிதமாம்; பாரம்பரியம் மணக்கும் இல்லமாம்; பண்பாட்டால் ஒன்றுபட்டோர் வாழும் வளாகமாம்! அத்தனையும் பதினான்கு மாடி அடுக்ககத்தின் பெயர்ப்பலகையிலே! இந்தத் திரைச்சீலைக்கு நம் மக்கள் கொடுக்கும் நுழைவுச்சீட்டுக் கட்டணம் என்ன தெரியுமா? இருபதாண்டுக் கடன்!

வீடு வாங்குவோரை ஏளனம் செய்ய நான் எழுதவில்லை, தோழா! குடிசையிலே பிறந்தவனின் மகன் கல்லூரிக்குச் சென்று, கணினி முன்னே கண் தேய்த்து, கடைசியிலே சொந்தமாய் ஒரு கதவும் சாவியும் வேண்டுமென்று கேட்கிறான். கேட்கட்டும்! அவன் தலைமுறையின் கனவு அது. அந்தக் கனவின்மீது எந்தச் சொல்லை ஒட்டி விலையை ஏற்றுகிறார்கள், எந்தச் சொல்லை வைத்து எவனை வெளியே நிறுத்துகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

முதலில் டஸ்கனியைப் பார்ப்போம். இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ள நிலம். புளோரன்ஸ் அதன் தலைநகர். அங்கே கோடை வறண்டது. மழை மிகுதியும் இலையுதிர்காலத்திலே வருவது. வறண்ட வெப்பத்தை வெளியே நிறுத்தத் தடித்த கற்சுவரும் சிறிய சாளரமும் வைத்து வீடு கட்டினார்கள் அம்மக்கள். மண்ணும் வானும் கற்றுத்தந்த அறிவு அது; போற்றுகிறோம். ஆனால் நம் சென்னையிலே கோடையென்றால் புழுக்கம். மழையென்றால் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வந்து வாரியடிக்கும் வடகிழக்குப் பருவக்காற்று. இங்கே வேண்டுவது காற்று குறுக்கே ஓட வழியும், சாரலைத் தடுக்க அகன்ற தாழ்வாரமும். அவை இரண்டையும் விட்டுவிட்டு, முகப்பிலே மூன்று வளைவும் மஞ்சள் பூச்சும் வைத்து 'டஸ்கனி' என்கிறார்கள். மூன்றாம் ஆண்டிலே பூச்சு பாசி பிடிக்கிறது. குளிரூட்டியின் மின்கட்டணம் மாதாமாதம் வருகிறது.

அயல்நாட்டுப் பெயரை விடு. அகநாட்டுப் பெயருக்கு வருவோம். 'செட்டிநாட்டுப் பாணி' என்கிறார்கள். செட்டிநாட்டு வீடு என்றால் என்ன? முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலே தொடங்கி மறு தெருவரை நீளும் வீடு. வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். மழை நேரே உள்ளே இறங்கும். சுற்றிலும் அறைகள், மணமான பிள்ளைகள் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் உரியவை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. தரையிலே ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகைமீது அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, நீரிலே ஊறவைத்து, கல்லுக்குக் கல் கையாலேயே செய்யும் தொழில் அது.

அந்த மாளிகைகளுக்குப் பின்னே கடல் கடந்த வணிகம் இருந்தது. வட்டித் தொழில் இருந்தது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியிலே பர்மியக் குடியானவரின் வயல்கள் கடனுக்காகக் கைமாறிய கதையும் இருந்தது. ஏற்றமும் உண்டு, இருளும் உண்டு. இரண்டும் சேர்ந்ததே வரலாறு. வரலாறு உள்ளதே பண்பாடு. ஒன்பதாம் மாடியிலே, மேலே இன்னொருவன் வீட்டுக் குளியலறை இருக்கும் இடத்திலே, முற்றம் எங்கிருந்து வரும்? வானம் எங்கிருந்து வரும்? வருவது தூண்போல் தோற்றமளிக்கும் இரண்டு ஒட்டுப்பலகை! பெயரை எடுத்துக்கொண்டான், பொருளைத் தெருவிலே விட்டுவிட்டான்.

"விளம்பரம் என்றால் அப்படித்தான், சட்டம் இருக்கிறதே!" என்பாய். இருக்கிறது, தோழா! 2016-ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. சுவர்க்கனத்தையும் மாடிப்படியையும் மின்தூக்கிக் கூண்டையும் சேர்த்துக் காட்டிய பழைய கணக்குக்குக் கடிவாளமிட்டு, வீட்டுக்குள்ளே பயன்படும் தரையளவு இன்னதென்று அது வரையறுத்தது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ பொய்யாகக் காட்டியதை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புற்றவனுக்கு இழப்பீடு உண்டு என்று அதன் 12-ஆம் பிரிவு கூறுகிறது. நல்ல சட்டம்! ஆயிரம் சதுர அடி என்று சொல்லித் தொள்ளாயிரம் கொடுத்தால் அளவுகோலோடு போய் வழக்காடலாம். நீச்சற்குளம் என்று சொல்லித் தொட்டி கட்டினால் கையைப் பிடிக்கலாம்.

ஆனால் 'பெருமிதம்' குறைந்தது என்று எந்த ஆணையத்திலே முறையிடுவாய்? 'பாரம்பரியம்' எத்தனை அங்குலம் குறைவு என்று எந்தப் பொறியாளன் அளந்து சொல்வான்? அளக்கக்கூடிய சொல்லுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. ஆகவே அவர்கள் அளக்கமுடியாத சொல்லைத் தேடிப் பிடிக்கிறார்கள். சொல் தெளிவற்றுக் கிடப்பதை அறியாமை என்று எண்ணிவிடாதே. ஆதாயம் தரும் ஏற்பாடு அது.

பூச்சும் தூணும் போனால் பணம்தான் போகும். இதே புகைமூட்டத்துக்குள்ளே இன்னொரு சொல் பதுங்கியிருக்கிறது. அது பணத்தோடு நில்லாமல் மானத்தையும் கேட்கிறது. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

அண்மையிலே நண்பர் ஒருவர் மாதிரி வீடு பார்க்க என்னையும் அழைத்துச் சென்றார். கைத்தறி நெசவாளியின் மகன். படித்து நல்ல பணியில் இருப்பவர். ஆட்டோவில் போய் இறங்கினோம். வரவேற்ற விற்பனை இளைஞன் இனிமையானவன். ஊதியத்துக்கு உழைக்கும் பிள்ளை. அவன்மீது எனக்குக் கோபமில்லை. கூடத்தின் ஓரத்திலே இரண்டு மரத்தூண், நடுவே மெத்தையிட்ட ஒரு மேடை. "இது திண்ணை சார்! நம்ம கல்ச்சர்!" என்றான். நண்பர் மகிழ்ந்து போனார்.

பிறகு கேள்விகள் வந்தன. "சாருக்கு எந்த ஊர்?" சொன்னார். "ஊரிலே எந்தத் தெரு?" அதையும் சொன்னார். "வீட்டிலே அசைவம் உண்டா?" "உண்டு" என்றார். இளைஞனின் சிரிப்பு சற்றுச் சுருங்கிற்று. "இங்கே எல்லாம் ஒரே கல்ச்சர் உள்ள குடும்பங்கள் சார், உங்களுக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம்" என்றான். விலையைக் கேட்டோம், மேலிடத்தைக் கலந்து சொல்வதாகச் சொன்னான். மறுநாள் தொலைபேசி வந்தது. எல்லா வீடுகளும் பதிவாகிவிட்டனவாம்! அதற்கடுத்த ஞாயிறன்று அதே விளம்பரம் அதே ஏட்டிலே அதே பக்கத்திலே மீண்டும் வந்தது.

சாதி என்ற சொல்லை அவன் உச்சரிக்கவே இல்லை, தோழா! உச்சரிக்க வேண்டிய தேவை என்ன? 'பண்பாடு' இருக்கிறதே! 'இன்னாருக்கு இடமில்லை' என்று பலகை எழுதினால் ஊர் கொதிக்கும், ஏடுகள் எழுதும், நீதிமன்றம் கேட்கும். 'ஒத்த பண்பாடு' என்று எழுதினால் எவன் என்ன செய்ய முடியும்? உள்ளே வரவேண்டியவனுக்கு அது அழைப்பாகப் படுகிறது. வரக்கூடாதவனுக்கு விலக்காகப் படுகிறது. வழக்கறிஞனுக்கோ வெற்றுச் சொல்லாகப் படுகிறது!

இது என் நண்பர் ஒருவரின் கதை மட்டுமன்று. தில்லியிலும் சூழ்ந்துள்ள நகரங்களிலும் பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட் முதலானோர் ஆய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். வாடகை வீடு கேட்டுத் தொலைபேசியில் பேசியவர்களில், பெயரைக் கொண்டே தலித் என்றும் முஸ்லிம் என்றும் அறியப்பட்டவர்களுக்கு மறுப்பு மிகுதி என்று கண்டார்கள். பெயருக்கே கதவு மூடுகிறதென்றால், தெருவைக் கேட்பது எதற்கென்று விளங்குகிறதல்லவா?

"ஒத்த பழக்கமுடையோர் ஒன்றாக வாழ விரும்புவது குற்றமா? மரக்கறி உண்போன் தன் அடுப்பங்கரை அருகே மீன்மணம் வேண்டாமென்றால் தவறா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்; தட்டிக்கழிக்க மாட்டேன். தன் அடுப்பிலே எதைச் சமைப்பதென்பது அவனவன் உரிமை. பக்கத்து வீட்டு அடுப்பையும் சேர்த்து விலைக்கு வாங்கும் உரிமை எவனுக்கும் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமொன்று, தன் துணைவிதிப்படி பார்சிகளையே உறுப்பினராகக் கொள்ளலாம் என்று உச்சநீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்ததை எடுத்துக் காட்டுவார்கள். அது எழுதி வைத்த விதி. உறுப்பினர்கள் கூடி அமைத்த சங்கம். ஊரறியக் கடைவிரித்து 'வாருங்கள்' என்று கூவிவிட்டு, வந்தவனின் தெருவை விசாரிப்பது அந்த வகையிலே சேருமா? அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கடையிலும் உணவகத்திலும் கிணற்றிலும் குளத்திலும் சாலையிலும் எவரையும் சாதி, மதம் பார்த்து விலக்கக்கூடாது என்கிறது. அந்தப் பட்டியலிலே விற்பனைக்கு வரும் வீடு வெளிப்படையாக இடம்பெறவில்லை. அந்த இடைவெளியிலேதான் 'பண்பாடு' குடியேறியிருக்கிறது.

மற்ற நாட்டார் இதற்கு என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழே நாளில், ஏப்ரல் 11-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஜான்சன் வீட்டுவசதி நியாயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைப் பார்த்து வீடு மறுப்பதை அது பொதுவாகத் தடுத்தது. அத்தகைய விருப்பு வெறுப்பைக் குறிப்பாக உணர்த்தும் விளம்பரத்தையும் தடுத்தது. பிறகு அந்நாட்டு வீட்டுவசதித் துறை வகுத்த விளம்பர விதிகளிலே, பாகுபாட்டுக் கருத்தோடு கையாளக்கூடாத சொற்கள் என்று ஒரு வரிசை இருந்தது. 'பிரத்தியேகமான' என்பது அதிலொன்று. இன்னொன்று என்ன தெரியுமா? 'பாரம்பரியமான'! விதித்தொகுப்பு பின்னாளில் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டத்தின் தடை இன்றும் நிற்கிறது. புகைக்குள்ளே நெருப்பிருப்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். நாம் புகையை மோந்து 'மணக்கிறது' என்கிறோம்!

நம் மண்ணுக்கு அந்த வழி தெரியாததும் அன்று. 1998-இல் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள், தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்று அளவிட்டுச் சொன்னார்கள். அதிலே குறை காண்போர் காணட்டும். மங்கல் மொழியிலே மறைத்தார்கள் என்று மட்டும் எவரும் சொல்ல முடியாது; எவரெவர் அண்டை வீட்டார் என்பதை எண்ணால் எழுதி வைத்தார்கள்.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை இரண்டு. விளம்பரத்திலே வரும் ஒவ்வொரு பண்பாட்டுப் பெயருக்கும் பொருள் என்னவென்று விற்பனை ஒப்பந்தத்திலே எழுதட்டும். ஆத்தங்குடிக் கல் என்றால் எந்த அறையில், எத்தனை சதுர அடி என்று எழுதட்டும். எழுத முடியாவிட்டால் பெயரை எடுக்கட்டும். அடுத்து, வீட்டு விற்பனையிலும் விளம்பரத்திலும் சாதி, மதம், உணவு ஆகியவற்றை நேராகவோ குறிப்பாகவோ காட்டி ஆளைப் பொறுக்குவதைத் தடுக்கும் சட்டம் வரட்டும். தெருமுனைக் கூட்டத்திலே இதைப் பேசு, தோழா! வீடு பார்க்கப் போகும் நண்பனிடம் சொல். 'எந்தத் தெரு?' என்று கேட்கப்பட்டால், 'அந்தக் கேள்வியை எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள்' என்று கேட்கச் சொல். எழுத அஞ்சுவார்கள்; அந்த அச்சமே நமக்குச் சான்று.

அன்று மாதிரி வீட்டைவிட்டு வெளியே வந்தோமே, அதைச் சொல்லி முடிக்கிறேன். வாயிலிலே எங்கள் ஆட்டோ ஓட்டுநர் உச்சிவெயிலில் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். உள்ளே நிழலில் உட்காரக் காவலாளி விடவில்லையாம், விதியாம். திண்ணை என்பது வழிப்போக்கன் கேளாமலே வந்து அமர்வதற்கு வீட்டுக்கு வெளியே கட்டிய மேடை. பழைய திண்ணை எல்லாருக்கும் இடம் தந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்; அதுவும் சாதி பார்த்தது. பார்க்கக்கூடாது என்று நம் முன்னவர்கள் போராடினார்கள். இவர்களோ திண்ணையைப் பெயர்த்துக் கூடத்துக்குள்ளே கொண்டுபோய் மெத்தையிட்டுவிட்டார்கள். அது பார்த்த சாதியை மட்டும் பத்திரமாக வாயிலிலே காவலுக்கு நிறுத்திவிட்டார்கள்.

ஓட்டுநருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினோம். நண்பர் இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்.