ஒளியும் ஒலியும் நம் கைகளும்

சென்ற ஆண்டுப் பள்ளிக் கண்காட்சியில் எங்கள் மேசை மீது ஒரு சிறு மரப்பெட்டி இருந்தது. அதன் மேல் டார்ச் விளக்கைக் காட்டினால் கீச்சென்று கத்தும். கையால் மறைத்தால் குரல் தாழ்ந்து முனகும். வந்தவர்கள் வியந்தார்கள். வண்ண எழுத்துகளில் விளக்கப்படம் தீட்டியவர்கள் நாங்கள். மனப்பாடமாக விளக்கம் சொன்னவர்களும் நாங்களே. ஒரு மாணவியின் தாயார், "பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டம்மா" என்று கேட்டபோதுதான் திருதிருவென விழித்தோம். உள்ளே இருப்பதை எங்களில் ஒருத்தியும் கண்டதில்லை. தோழி ஒருத்தியின் அண்ணன் செய்து கொடுத்தது அது. எங்களுக்கு முதற்பரிசும் கிடைத்தது. அதை வாங்கியபோது உண்டான கூச்சமே எங்களை எழுதத் தூண்டியது.

மின்னணுக் கருவிகளைக் கொண்டு புதிய ஒலிகளையும் ஒளிக்கோலங்களையும் ஆக்கிப் பார்ப்பது ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. அதைக் கைப்படக் கற்பிக்கும் பயிற்சிப் பட்டறைகள் பல நாடுகளில் நடக்கின்றன. அமெரிக்க இசைக் கலைஞர் நிக்கலஸ் காலின்ஸ் என்பவர் இத்தகைய பட்டறைகள் பலவற்றை நடத்தியதோடு, 2006இல் இதற்கென ஒரு நூலும் வெளியிட்டார். அங்கே முதலில் பாடம் இல்லை. கம்பியும் மின்கலமும் கைக்கு வந்துவிடும்.

எங்கள் பெட்டியின் இரகசியத்தையும் இப்போது படித்து அறிந்துகொண்டோம். 40106 என்ற எண்ணுள்ள ஒரு சில்லுக்குள் ஒரே மாதிரியான ஆறு சுற்றுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றுடன் ஒரு மின்தேக்கியையும், ஒளி பட்டால் மாறும் மின்தடை ஒன்றையும் இணைத்தால் போதும். மின்தேக்கி நிரம்பும், வடியும், மீண்டும் நிரம்பும். வெளிச்சம் கூடினால் தடை குறையும். அப்போது நிரம்புவதும் வடிவதும் விரைவாகி, சுருதி ஏறும். நிழல் விழுந்தால் இறங்கும். இதற்கு 9 வோல்ட் மின்கலம் ஒன்று போதும். சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றால் இவை எல்லாம் கிடைக்கும். இவ்வளவுதானா என்று இருந்தது எங்களுக்கு.

இது ஆண்பிள்ளைகள் வேலை என்பாரும் உளர். இங்கிலாந்தில் 1925இல் பிறந்த டாஃப்னி ஓரம் என்ற பெண்மணியை அவர்கள் அறியமாட்டார்கள் போலும். 1958இல் பி.பி.சி. வானொலியில் மின்னணு ஒலிப் பட்டறை உருவாகக் காரணமாயிருந்தவர்களில் அவர் ஒருவர். மறு ஆண்டே பதவியை விட்டு விலகி, கெண்ட் பகுதியில் தம் இல்லத்தையே பட்டறையாக்கினார். 35 மில்லிமீட்டர் படச்சுருள்களின் மீது கையால் கோலங்கள் வரைவார். சுருள் ஓடும்போது அக்கோலங்களை ஒளிமின்கலங்கள் படித்து ஒலியாக மாற்றும். கோடு வரைந்தால் இசை! அக்கருவி இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அமெரிக்கரான டேவிட் டியூடர் வந்து மூக் சிந்தசைசர் என்னும் கருவியை நிறுவிக் கொடுத்தார். அதற்கு உறுதுணையாக நின்றவர் கீதா சாராபாய். பெண்கள் அரிதாகவே தொட்ட பக்கவாஜ் என்னும் தோல்கருவியை வாசித்தவர் அவர். புதிய கருவியிலும் அவர் கை வைக்கத் தயங்கவில்லை. 1972 வரை அங்கே பதிவான ஒலிநாடாக்கள் நெடுங்காலம் காப்பகத்தில் கிடந்து, 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. கீதா அம்மையார் இயற்றியவையும் அதில் உள்ளன. நம் பாட்டிமார் பள்ளியில் படித்த நாட்களிலேயே இது நடந்திருக்கிறது!

பெற்றோர் சொல்லும் தடைகளையும் நாங்கள் அறிவோம். சால்டரிங் அயர்ன் சுட்டுவிடும் என்கிறார்கள். உண்மைதான், சுடும். கொதிக்கும் எண்ணெயில் நாம் அப்பளம் பொரிக்கும்போது இந்த அச்சம் எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணாடி அணிந்து, ஈயம் தொட்ட கையை உணவுக்கு முன் கழுவினால் பெரும்பாலான தொல்லைகள் தீரும். இதற்கு மதிப்பெண் உண்டா என்றும் கேட்கிறார்கள். இல்லை. கோலப் போட்டிக்கும்தான் இல்லை. இந்த அலறலையெல்லாம் இசை என்பதா என்று கேட்போருக்கு மட்டும் எங்களால் உடனே விடை சொல்ல முடியவில்லை. பல நேரங்களில் அது காதைத் துளைக்கத்தான் செய்கிறது. எங்களுக்கும் அதில் எல்லாம் பிடித்துவிடவில்லை. ஆனால் பிடிக்காததை மாற்றியமைக்கவேனும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

ஆகவே சகோதரிகளிடம் நாங்கள் பணிவுடன் கேட்பது இதுதான். சனிக்கிழமை பிற்பகல்களில் இயற்பியல் ஆய்வகத்தை எங்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஆசிரியை ஒருவர் உடன் இருந்தால் போதும். அண்ணன்மார் வந்து கற்பிக்கலாம். செய்து கொடுக்க வேண்டாம். அடுத்த கண்காட்சியில் எங்கள் பெட்டி கோணலாக இருக்கலாம், பாதியில் ஊமையாகவும் போகலாம். பரிசு கிடைக்காவிட்டாலும் சரிதான், மூடியைத் திறந்து வைத்தே காட்டுவோம். பழைய பெட்டி இன்னும் ஆய்வக அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க ஒரு திருப்புளியும், திறக்கலாம் என்ற அனுமதியும் வேண்டும்.