பொறியில் ஈ இல்லை, பழத்தில் புழு உண்டு

ராஸ்பெர்ரி, புளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களில் புள்ளிச் சிறகு பழ ஈயைக் கண்காணிக்க, பக்கவாட்டில் சிறு துளைகள் இட்ட பிளாஸ்டிக் குவளையில் ஆப்பிள் வினிகரை ஊற்றி, செடியின் நிழலில் தொங்கவிடுவது வழக்கம். கிழக்காசியாவைச் சேர்ந்த இந்த ஈ, அதாவது ட்ரோசோபிலா சுசூகி, 2008இல் கலிபோர்னியாவிலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் தென்பட்டது. அன்றிலிருந்து விவசாயிகளின் காதில் ஒரே பாடம் ஓதப்படுகிறது: குவளையில் ஈ விழாதவரை கவலை வேண்டாம், விழுந்தபின் மருந்தடித்தால் போதும். பல தோட்டங்களின் விளைச்சலைக் கெடுத்த பாடம் இது.

செலவு குறைவு என்பது முதல் வாதம். ஒரு பழத்தில் புழு தெரிந்தாலே மொத்தச் சரக்கும் திரும்பிவரக்கூடிய சந்தையில், வினிகரின் விலை ஒரு கணக்கே அல்ல.

விழுந்ததை எண்ணுவது எளிது என்பது அடுத்த வாதம். புளித்த வாசனை எல்லா வகை ட்ரோசோபிலாக்களையும் இழுக்கும். சுசூகியின் ஆணைச் சிறகு நுனியருகே உள்ள கரும்புள்ளியைக் கொண்டு பிரித்துவிடலாம். சேதம் செய்வதோ பெண்; அதன் சிறகில் புள்ளி கிடையாது. ஊறிப்போன உடலைப் புரட்டி, வயிற்று நுனியில் ரம்பப் பற்கள் கொண்ட முட்டையிடும் உறுப்பை லென்ஸ் வைத்துத் தேட வேண்டும். அறுவடை நெருக்கடியில் இதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

இவற்றைவிடப் பெரிய பிழை, காலிக் குவளையை ஈயில்லாத தோட்டமாகக் கொள்வது. வீட்டில் வாழைப்பழத்தைச் சுற்றும் சாதாரணப் பழ ஈ, அழுகும் பழத்தையே தின்று அதிலேயே முட்டையிடும். சுசூகி அப்படியல்ல. தின்பதற்கு ஈஸ்டையும் புளிப்பையும் தேடும். முட்டையிடுவதற்கு, செடியிலேயே நிறம் மாறிவரும் நல்ல பழத்தைத் தேடும். அதன் தோலைக் கிழிக்கத்தான் அந்த ரம்பம். ஆகவே வினிகர் வாசனைக்கு மயங்கி வரும் பெண் ஈக்களில் பெரும்பாலானவை பசித்தவை, முட்டை முதிராதவை. முட்டை சுமந்தவை பழத்துக்கே போய்விடுகின்றன. பொறி அளப்பது பசியை. விவசாயி அறிய வேண்டியது முட்டையிடலை. காய்கள் பழுத்துக் குலுங்கும்போது ஒற்றைக் குவளையின் வாசனை வரிசை முழுவதும் உள்ள பழங்களோடு போட்டியிட வேண்டும். ஆபத்து உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான் பொறி மிகவும் மந்தமாகிறது. கோடையில் முட்டை முழு ஈயாக மாற ஏறத்தாழ இரண்டு வாரம் போதும் என்பதால், தவறவிட்ட ஒரு தலைமுறையே அறுவடையைக் கெடுத்துவிடும். முதல் ஈ குவளையில் விழும் முன்பே பழத்துக்குள் புழு இருந்த தோட்டங்கள் உண்டு. மறுபுறம், பறிக்கப் பழமே இல்லாத இலையுதிர் காலத்தில் பொறிகள் நிரம்பி வழிகின்றன. எண்ணிக்கை கூடினால் சேதம் கூடும் என்ற வாதமும் இதோடு விழுந்துவிடுகிறது.

மேலான கவர்ச்சிப் பொருள் வந்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். அமெரிக்க வேளாண் ஆய்வாளர் பீட்டர் லேண்டோல்டும் சக ஆய்வாளர்களும் ஒயினையும் வினிகரையும் சேர்த்துச் சோதித்தனர். அதன் வழியே அசிட்டிக் அமிலம், எத்தனால், அசிட்டோயின், மெத்தியோனால் ஆகிய நான்கும் சேர்ந்த கலவை உருவானது. சர்க்கரை–ஈஸ்ட் கரைசலும் வினிகரைவிட முன்கூட்டியே ஈயைப் பிடிக்கிறது. முன்னேற்றம்தான், ஆனால் இவையும் புளித்த உணவின் வாசனையே.

பார்க்க வேண்டியது பழத்தை. முட்டை தோலுக்குள் புதைந்திருக்க, அதன் இரு வெண்ணிற மூச்சிழைகள் மட்டும் வெளியே நீட்டியிருக்கும், லென்ஸில் தெரியும். ஒரு லிட்டர் நீரில் கால் கப் உப்பைக் கரைத்து, லேசாக நசுக்கிய பழங்களை அதில் கால் மணி நேரம் போட்டால், உள்ளே இருக்கும் புழுக்கள் வெளியேறி மிதக்கும். பறிக்கும் ஒவ்வொரு முறையும், பார்வைக்குக் குறையில்லாத பழங்களிலிருந்தே இதற்கு எடுக்க வேண்டும்.